மறுநாள் கஞ்சி

காட்டூர், திருச்சி
02.03.2026, திங்கள்

அன்பு மகள் பெலிண்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளாங்கண்ணி மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஜெர்மனியில் பனி இன்னும் விடவில்லை என்று சொன்னாய். காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே.

நேற்றுப் போனில், அம்மாவுக்கு வாந்தி, டிரிப் ஏற்றியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். வாந்தியும் டிரிப்பும் உண்மை. கடைசியாகச் சொன்னது உண்மையில்லை. பக்கத்து நாற்காலியில் நஜீமா இருந்தாள். அவள் காதுபட என்னால் எதையும் விவரமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் கையெழுத்தில் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, நான் ஸ்ரீரங்கம் போனேன். என்னோடு கணக்கு வாத்தியாராக இருந்த ஸ்ரீரங்கராஜனுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பார்க்கப் போனேன். நான் போன ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவுக்கு வாந்தி ஆரம்பித்திருக்கிறது. போனை எடுக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை.

அவளைக் காப்பாற்றியது நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. அம்மா மோட்டார் போட்டால் எந்த வேலையில் இருந்தாலும் சரியான நேரத்தில் அணைத்துவிடுவாள் என்பது உனக்குத் தெரியும். அன்று தொட்டி நிரம்பி, நஜீமா வீட்டுக் கொடியில் காய்ந்த துணி மேல் தண்ணீர் கொட்டியிருக்கிறது. சண்டைக்கு வரவேண்டியவள் பதறி ஓடி வந்திருக்கிறாள். "பதினெட்டு வருஷமா பக்கத்துல இருக்கோம் சார், லூர்தக்கா வீட்டுத் தண்ணி ஒரு நாள் வழிஞ்சதில்ல. வழிஞ்சதுன்னா அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னுதான அர்த்தம்" என்றாள். பின்கதவு வழியாக வந்து பார்த்தபோது, அம்மா கை கழுவும் தொட்டிக்குக் கீழே சுருண்டு கிடந்திருக்கிறாள். நஜீமாவும் அவள் கணவர் இம்தியாஸும் ஆட்டோவில் தூக்கிப்போட்டு இந்த மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்கள். காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்ற கால் மணி நேரத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

வாந்தி அன்று மாலையே நின்றுவிட்டது. பிழைத்தோம் என்று நினைத்தேன். மறுநாள் இரத்தப் பரிசோதனை வந்தது. கல்லீரலுக்கு ஒரு எண் பார்க்கிறார்களே, அது நாற்பதுக்குள் இருக்கவேண்டுமாம். அம்மாவுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துப்போய், "வீட்ல ஏதாவது மனஸ்தாபமா சார்? எலி பேஸ்ட் வாங்கி வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்றேன். நாட்டு மருந்து? இல்லை. கடைசியாக என்ன சாப்பிட்டார்கள்? நோன்புக் கஞ்சி என்றேன். எங்கே செய்தது? பள்ளிவாசலில் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். வேறெதுவும் கேட்கவில்லை. நானும் வேறெதுவும் சொல்லவில்லை.

திரும்பினால் கதவருகே நஜீமா நிற்கிறாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கஞ்சி கொண்டுவந்து தந்தவள் அவள்தான். இந்த வருடம் சாம்பல் புதனும் ரமலான் நோன்பும் ஒரே வாரத்தில் வந்தன. "உங்களுக்கும் நோன்பு, எங்களுக்கும் நோன்பு, ஒரே கஞ்சியில ரெண்டு சாமியையும் சமாளிச்சிடலாம்க்கா" என்று அம்மாவைக் கேலி செய்துகொண்டே தினமும் மாலையில் தூக்குவாளியை நீட்டுவாள். இன்று காலை இம்தியாஸ் வந்தார். அவர்தான் பள்ளிவாசலில் நின்று கஞ்சி ஊற்றிக் கொடுப்பவர். "முன்னூறு பேர் குடிச்சாங்க சார், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அக்காவுக்கு ஆயிடுச்சே. ஜமாஅத் சார்பா நான் மன்னிப்புக் கேக்கறேன்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பரவாயில்லை தம்பி என்றேன். அந்த வார்த்தை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அம்மாவின் நினைவு கொஞ்சம் தடுமாறுகிறது. டாக்டரம்மா தினமும் அவளிடம் இன்று என்ன கிழமை என்று கேட்கிறார். கல்லீரல் கெட்டால் மூளைக்கும் அது எட்டுமாம், அதைக் கண்டுபிடிக்கவாம். இன்று திங்கள். அம்மா கொஞ்சம் யோசித்து, "வெள்ளிக்கிழமை" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகளே, உன்னிடம் சில பாடச் சந்தேகங்கள் கேட்கவேண்டும். உன் ஆராய்ச்சிக் கூடத்தில் நீ வளர்க்கும் புழுவைப் பற்றி கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னாயே. ஒரு மில்லிமீட்டர் நீளம். கண் கிடையாது, நம்மைப் போல் கிருமியைத் தேடிப்போய்ப் பிடிக்கும் இரத்த அணுக்கள் கிடையாது. பாக்டீரியாதான் அதற்குச் சாப்பாடு, அதே பாக்டீரியாவில் சில அதற்கு விஷம். உலகத்தில் எத்தனையோ நஞ்சு இருக்க, இந்தச் சின்ன உயிர் அத்தனையையும் எப்படி அடையாளம் வைத்திருக்கும் என்று கேட்டேன். அடையாளம் வைத்திருப்பதில்லை அப்பா என்றாய். தன் செல்லுக்குள் தினமும் நடக்கிற வேலை, புரதம் செய்வது, ஆற்றல் உண்டாக்குவது, இவற்றில் ஒன்று நின்றுபோனால் அதற்குத் தெரிந்துவிடும். யார் நிறுத்தினார்கள் என்று பார்க்காது. உடனே மாற்று மருந்து சுரக்கத் தொடங்கும், அந்தச் சாப்பாட்டை விட்டு ஊர்ந்து வெளியே போய்விடும் என்றாய். அன்று எனக்கு அது பாதிதான் புரிந்தது. தொட்டித் தண்ணீர் வழிந்ததைப் பார்த்து நஜீமா ஓடி வந்தாளே, அப்போது முழுதும் புரிந்தது.

என் கேள்விகள் இவை. பாக்டீரியா விட்டுப்போன நஞ்சு, இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்தால் அழிந்துவிடும் அல்லவா? அழியும் என்றுதான் இருபத்தெட்டு வருடம் எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். இன்னொன்று. உன் புழு கெட்ட சாப்பாட்டை விட்டு விலகிவிடும் என்றாய். விலகாமல் அங்கேயே இருந்து தின்றுவிடுவதும் உண்டா? உண்டு என்றால் ஏன்?

இம்தியாஸின் ஜெராக்ஸ் கடை நம் தெருவிலேயே இருக்கிறது. ஆனாலும் இதை ஸ்ரீரங்கராஜன் வீட்டுக்கு எடுத்துப்போய், அவர் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். ஏன் என்று இப்போது கேட்காதே.

ஜெபத்தில் அம்மாவை நினைத்துக்கொள்.

உன் அப்பா,
சவரிநாதன்


காட்டூர்
05.03.2026, வியாழன்

அன்பு மகள் பெலிண்டாவுக்கு,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. உன் பதில் வந்தது. நான் நான்கு பக்கம் எழுதினேன், நீ முதல் வரியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "அப்பா, அந்தக் கஞ்சி எந்தக் கிழமை வாங்கியது?"

நீ மட்டுமில்லை. ஸ்ரீரங்கராஜன் ஒரு கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டியிருக்கிறார் என்ற தைரியத்தில்தான் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, போனைக் கீழே வைத்தார். "என்ன ஓய், ஒத்தக் கண்ணால படிக்க முடியாதுன்னு நெனச்சீரா? எல்லாம் படிச்சாச்சு. அன்னிக்குக் கால் மணி பஸ் நின்னதெல்லாம் எழுதியிருக்கீர். சாயங்காலம் குடுக்கற கஞ்சி கார்த்தால ஒம்பது மணிக்கு உம்ம வீட்டுக்கு எப்படி வந்ததுன்னு எழுதலையே" என்றார். முப்பது வருடம் பையன்கள் விட்டுவிட்ட படிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்ட மனிதர். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வந்துவிட்டேனே தவிர, பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வாங்கியது.

இந்தத் தவக்காலத்தில் நான் நாற்பது நாளும் கறி தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் வெள்ளிக்கிழமை மட்டும் சுத்தபோசனம், கறி கிடையாது. மற்ற நாளில் நஜீமா தருவதைக் குடிப்பாள். பள்ளிவாசல் கஞ்சியில் கொத்துக்கறி போடுவார்கள். வெள்ளிக்கிழமை கறிக்கஞ்சி வாங்க மாட்டோம் என்று நஜீமாவிடம் சொல்ல நாங்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டோம். அவள் வழக்கம்போல் கொண்டுவந்தாள். நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் நடந்துவந்து நீட்டுகிறவளிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கிவிட்டேன்.

அதற்குள் சிலுவைப் பாதைக்கு நேரமாகிவிட்டது. சூடான பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது என்று தூக்குவாளியை மூடியபடியே அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். வந்து பார்த்தபோதும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. காலையில் கொதிக்க வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உன் அம்மாவுக்கு அந்தக் கஞ்சி என்றால் உயிர். ஒரு நாள்கூட அதை இழக்க வேண்டாமே, சனிக்கிழமை காலையில் குடிக்கட்டுமே என்றுதான் பத்திரப்படுத்தினேன். நான் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, பெலிண்டா. இதை எழுதும்போதே இது எவ்வளவு உதவாத வாக்கியம் என்று தெரிகிறது.

சனிக்கிழமை காலை கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் கொதிக்க வைத்தேன். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அம்மா மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"என்னங்க, ஒரு மாதிரி வாடை வருதே."

"வெந்தய வாடை" என்றேன்.

"வெந்தயம் எனக்குத் தெரியாதா? இது வேற. வேணாங்க, கொட்டிடலாம்."

நான் சிரித்தேன். நூறு டிகிரியில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று கேட்டேன். நான் சயின்ஸ் வாத்தியாரா நீ சயின்ஸ் வாத்தியாரா என்று கேட்டேன். அன்னதானமாக வந்ததைக் கொட்டுவது பாவம் என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரிதான்" என்று மொத்தத்தையும் குடித்தாள். நான் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

நீ எழுதியதைப் பலமுறை படித்துவிட்டேன். அரிசியோடு வரும் ஒரு பாக்டீரியாவின் விதை முதல் சமையலில் சாகாது. மூடிய வெதுவெதுப்பான கஞ்சியில் முளைத்துப் பெருகும். அது சுரக்கிற நஞ்சை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அழிக்க முடியாது. அது செல்லின் மைட்டோகாண்டிரியாவைத் தாக்கும். புரிந்தது. வகுப்பில் குறும்பு செய்த பையனை வெளியே அனுப்பிவிட்டேன். கரும்பலகையில் அவன் எழுதிவிட்டுப் போனதை அழிக்கவில்லை. அவ்வளவு சுலபமான விஷயம் இது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? அவர்களில் யார் இன்று யாருக்கு எதைக் கொதிக்க வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்? இந்த நினைப்பு வந்தால் இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

என் இரண்டாவது கேள்விக்கும் பதில் எழுதியிருந்தாய். கடும் பசியில் இருக்கும் புழு சில நேரம் தாமதமாகத்தான் விலகும் என்றாய். சில பாக்டீரியாக்கள் புழுவின் உடம்புக்குள் அடிக்கிற எச்சரிக்கை மணியையே அடக்கிவிடும், மணி அடங்கினால் புழு அங்கேயே இருந்து தின்னும் என்றாய். உன் அம்மாவின் மணி சரியாகத்தான் அடித்தது. அதை அடக்கியது பாக்டீரியா இல்லை.

நேற்று மருத்துவமனை தகவல் கொடுத்து ஒரு போலீஸ் ஏட்டு வந்தார். விஷம் என்று சந்தேகம் இருந்தால் தகவல் கொடுப்பது அவர்கள் விதியாம். கஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று கேட்டார். நஜீமா எழுந்து நின்று, "நான்தாங்க" என்றாள். பெயர், கணவர் பெயர், வீட்டு எண், எல்லாம் எழுதினார். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே அவள் பதில் சொன்னதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ கட்டளை போட்டதுபோல் எழுதியிருந்தாய், "முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு" என்று. இன்று காலை சொன்னேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமே சார். நாலு நாளா நாங்க எலி மருந்தைத் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இந்த நஞ்சுக்கு நேரடி மாற்று மருந்து இல்லை, கல்லீரல் தானாக எழுந்து வரும் வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கவேண்டும், வந்துவிடும் என்று நம்புவோம் என்றார். இன்றைய எண் ஆயிரத்து எண்ணூறு. ஏட்டிடமும் தானே பேசிவிடுவதாகச் சொன்னார். காகிதத்தில் நஜீமாவின் பெயர் இனி இருக்காது. தெருவில் இருக்கிறது. நேற்றிலிருந்து நம் பக்கத்து ஆட்கள் யாரும் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கப் போவதில்லையாம். நாளை முதல் வெளியாட்களுக்குக் கொடுப்பதையே நிறுத்திவிடலாமா என்று அங்கே பேசுகிறார்களாம். இம்தியாஸ்தான் சொன்னார், என்னிடம், வருத்தத்தோடு.

அவரிடம் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, மகளே. அந்தத் தெருவில் எல்லோரும் என்னை சார் என்கிறார்கள். இம்தியாஸின் தம்பிகள் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அம்மா எழுந்து வந்த பிறகு சொல்லலாமே என்று ஒரு மனம் சொல்கிறது. எழுந்து வராவிட்டால்? அப்போது சொல்ல எனக்கு வாய் இருக்குமா?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். இருந்தாலும் எழுது.

உன் அப்பா,
சவரிநாதன்


மருத்துவமனை, திருச்சி
12.03.2026, வியாழன்

அன்பு மகள் பெலிண்டாவுக்கு,

இறைவன் உன் பயணத்தைக் காக்கட்டும். இருபதாம் தேதி வருகிறாய் என்று தெரிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். கண்ணை மூடியபடியே தலையசைத்தாள். எண் நானூறுக்கு இறங்கிவிட்டது. இன்று கிழமை கேட்டார்கள், வியாழன் என்று சரியாகச் சொன்னாள். டாக்டரம்மா சிரித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். உயிர்ப் பயம் போய்விட்டது, ஆனால் நீ வரும்போது இங்கே வேறொரு பயத்தைப் பார்ப்பாய். அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

முதலில் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமையே போகவேண்டும் என்று கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். சனிக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்து கஞ்சி கொடுக்கும் நேரத்தில், அதே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் பத்துப் பேர்கூட இல்லை. என் முறை வந்ததும் இம்தியாஸ் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். "உங்களுக்கு எப்படி சார் ஊத்துறது? வேணாம் சார்" என்றார். அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வாங்கியதை நான் சனிக்கிழமை கொடுத்தேன், வாடை வருகிறது என்று சொன்னவளைக் குடிக்க வைத்தேன், தப்பு உங்கள் கஞ்சியில் இல்லை, என் அடுப்பு மேடையில் என்று. ஒரு வாரமாகத் தெரிந்துகொண்டே உங்களிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "அல்லாஹ் அந்தம்மாவுக்கு ஷிஃபா கொடுக்கட்டும், சீக்கிரம் சுகமாகட்டும்" என்றார். இம்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டு என் தூக்குவாளியை நிரப்பினார். விளிம்பு வரை நிரப்பினார். "வீட்டுக்குப் போனதும் குடிச்சிடுங்க சார்" என்றார். கேலியா, கோபமா, அக்கறையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மேடை அருகே நின்றபடியே குடித்தேன். நாற்பது நாள் நேர்ச்சை அதோடு உடைந்தது. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

வெளியாட்களுக்குக் கஞ்சி நிற்கவில்லை. இந்த வாரம் வரிசை பழையபடி நீண்டுவிட்டது என்று கேள்வி.

நஜீமா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மருத்துவமனைக்கு மட்டும் தினமும் வந்தாள். என் நாற்காலியைத் தாண்டி அம்மா பக்கம் போய் உட்காருவாள். மூன்றாம் நாள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "போலீஸ்காரர் என் பேர எழுதுறப்ப நீங்க அங்கதான சார் இருந்தீங்க?" ஆமாம் என்றேன். "அக்கா வாடை வருதுன்னு சொன்னப்பவாவது கேட்டிருக்கலாம்" என்றாள். நீ வந்ததும் நம் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன் அவள் வீட்டு வாசலில் போய் நில். எனக்காக எதுவும் கேட்க வேண்டாம். சும்மா நில், போதும்.

இப்போது அம்மா. திங்கட்கிழமையிலிருந்து வாயால் சாப்பிடலாம் என்றார்கள். அரிசிக் கஞ்சித் தண்ணீர், உப்புப் போட்டு. நான் இங்கே கான்டீனில் அப்போதே வடித்ததை வாங்கி, ஆறவைத்து, கரண்டியில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனேன். அம்மா வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நிறுத்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குமட்டல். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நீட்டினேன். அதேதான். செவ்வாய்க்கிழமை முழுதும் அதேதான். டாக்டரம்மா கவலைப்பட்டார், சர்க்கரை இறங்குகிறது, இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டும், இந்த உடம்பில் அது நல்லதில்லை என்றார்.

அரிசி வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஆரஞ்சுச் சாறு கொடுத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். தண்ணீரையும் திருப்பினாள். "எனக்கே ஏன்னு தெரியலங்க, மேல வருது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்று கண் கலங்கச் சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பள்ளிவாசலில் சொன்ன அன்றே அவளிடமும் சொல்லிவிட்டேன். "விடுங்க, தெரிஞ்சா செஞ்சீங்க" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். மனதில் ஒன்றும் இல்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

நேற்று மதியம் நஜீமா வந்தாள். தட்டில் இருந்த அதே கான்டீன் கஞ்சியை, நான் தொட்ட அதே கரண்டியால் எடுத்து நீட்டினாள். அவள் நோன்போடு இருந்தாள், உதடு காய்ந்திருந்தது. "வாயத் தொறங்கக்கா, பிகு பண்ணாம" என்றாள். அம்மா குடித்தாள். ஒரு கிண்ணம் முழுதும் குடித்தாள்.

கெட்டது எது என்று ஒரு முறை தெரிந்துகொண்ட புழு, அடுத்த முறை அதன் வாசனை பட்டாலே விலகிப்போகும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? அந்த நினைவு ஒரு நாளில் மங்கிவிடும் என்றும் சொன்னாய். மனுஷிக்கு எத்தனை நாள் என்று நீ சொல்லவில்லை. நாற்பத்தொரு வருடம் என் கையால் காபி வாங்கிக் குடித்தவள். நேற்று நான் வராந்தாவில் போய் நின்று, கதவின் கண்ணாடி வழியாக அவள் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

இந்த ஏற்பாடு இப்படியே இருக்கட்டும். மதியமும் மாலையும் நஜீமா வந்து ஊட்டுகிறாள், நான் வெளியே நிற்கிறேன். நீ வந்த பிறகு நீ ஊட்டு. காலையில் மட்டும், நஜீமா வருவதற்கு முன்னால், அம்மாவிடம் ஒரு கரண்டித் தண்ணீரை நான் நீட்டிப் பார்க்கிறேன். இன்று உதட்டை நனைத்துக்கொண்டாள், விழுங்கவில்லை. நாளையும் நீட்டுவேன்.

பத்திரமாக வா, மகளே. விமானத்தில் தருவார்கள், வழியில் எவ்வளவோ பேர் தருவார்கள். எதையாவது வாயருகே கொண்டுபோகும்போது உன் மூக்கு வேண்டாம் என்று சொன்னால், எதிரே இருப்பவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், எவ்வளவு பிரியமாகக் கொடுத்தாலும், அது உன் அப்பாவாகவே இருந்தாலும், கீழே வைத்துவிடு.

உன் அப்பா,
சவரிநாதன்